பொன்முதுகும் செம்முதுகும்

சென்ற ஆவணி விடுமுறையிற் சில நாட்களை வன்னியிலே, மாங்குளத்துக்குக் கிழக்கே ஒட்டுசுட்டான் வீதியை அடுத்துள்ள எங்கள் தாய்வீட்டிலே கழித்தேன். என் தாயார் அங்கேதான் இருக்கின்றார். விடுமுறை என்றால் மக்களும் பேரப்பிள்ளைகளும் அங்கே கூடுவது வழக்கம். இம்முறை யாழ்ப்பாணத்திலிருந்து என் தம்பியின் மகனும், கண்டியிலிருந்து என் தங்கையின் மகளும் வந்திருந்தனர். இருவரும் ஒத்த வயதினர். ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியமாட்டார்கள். நாழிகைக்கு ஒருமுறை சண்டையிடாமலும் இருக்கமாட்டார்கள்.

ஒருநாட் காலை அவர்களுடைய வழக்கொன்று என்னிடம் தீர்ப்புக்கு வந்தது. பள்ளிக்கூடத்திலே கொடுத்த விடுமுறை வேலைக்காக இருவரும் பறவைப் படம் வரைந்துகொண்டிருந்தனர். இருவரும் எடுத்துக்கொண்ட பறவை மரங்கொத்தி.

“மாமா, இவன் மரங்கொத்தியின் முதுகிலே மஞ்சளைப் பூசியிருக்கிறான். அது சிவப்பல்லவா? எங்கள் வீட்டு வேலியிலுள்ள பலாமரத்துக்கு வருவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்!” என்றாள் பெண்.

“பெரியப்பா, இவள் சொல்வது பொய். எங்கள் வளவுத் தென்னையிலே ஒரு சோடி இருக்கிறது. முதுகு பொன்னிறம். சிவப்பு அதன் கொண்டையிலே மட்டுந்தான்” என்றான் பையன்.

‘பொய்’ என்ற சொல் பிறந்ததும் கண்ணீரும் பிறந்துவிட்டது. அடுக்களையிலிருந்து என் தாயாரின் குரல் கேட்டது: “ஏன் பிள்ளையள் அடிபடுகிறியள்? எங்கடை கிணற்றடித் தென்னைக்கும் ஒண்டு வாறது. அதையும் ஒருக்காப் பாத்துப்போட்டுப் பிறகு சண்டை பிடியுங்கோ.”

அந்தத் தென்னை இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் இடி விழுந்து தலையிழந்த மரம். நடு உயரத்திலே ஒரு பொந்து உண்டு. மாரி தொடங்குமுன் அதனைத் தறித்துவிட வேண்டுமென்று என் தம்பி ஆளுக்குச் சொல்லி வைத்திருந்தான். விழுந்தால் அடுக்களைக் கூரையில் விழும் என்பது அவனுடைய அச்சம். மறுநாள் விடியற்காலையில் நாங்கள் மூவரும் கிணற்றுக்கட்டில் இருந்து காத்திருந்தோம். சிறிது நேரத்திற் கீச்சென்ற நெடுங்குரலோடு பறவை வந்து மரத்தைப் பற்றிக்கொண்டது. இளவெயில் அதன் முதுகிற் பட்டது. அது மஞ்சளுமன்று, இரத்தச் சிவப்புமன்று. பழுத்த பாக்கின் நிறம்! பிள்ளைகள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“இருவரும் மெய்யே சொன்னீர்கள். காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்” என்று அப்போதைக்குத் தப்பிக்கொண்டேன். அந்தக் கடனை இவ்வாரம் இப்பகுதியிலே தீர்க்க முயல்கின்றேன்.

முதலிற் பறவையைப் பற்றிய செய்தி. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் மன்னார்த் தீவிலும் காணப்படுவது பொன்முதுகு மரங்கொத்தி. இந்தியாவிற் பரந்து வாழும் ஓர் இனத்தின் கிளை அது. அக்கிளைக்கு விஞ்ஞானிகள் யாழ்ப்பாணத்தின் பெயரையே சூட்டியிருக்கின்றனர். இலங்கையின் தெற்கிலும் மத்திய மலைநாட்டிலும் வாழ்வது செம்முதுகு மரங்கொத்தி. அஃது இலங்கையிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. (பெரிய செம்முதுகு மரங்கொத்தி என வேறொன்றும் நம் காடுகளில் உண்டு. அதன் அலகு வெளிறியது. நாம் பேசுவது அதனையன்று.) வடக்கிலிருந்து வரும் பொன்முதுகும் தெற்கிலிருந்து வரும் செம்முதுகும் வடபகுதியும் வடமத்திய பகுதியும் சேரும் உலர்நிலத்திலே எதிர்ப்படுகின்றன. எதிர்ப்படும் இடத்திற் கலந்து குஞ்சு பொரிக்கின்றன. அக்குஞ்சுகளின் முதுகிலேதான் பழுத்த பாக்கின் நிறம் தோன்றுகிறது.

இப்படிக் கலப்பதனால் இரண்டும் ஓரினமே என்று நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. 2016 ஆம் ஆண்டிலே கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சம்பத் செனவிரத்ன, கனடாவிலுள்ள பிரித்தானியக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டரென் ஏர்வின் முதலியோர் இவற்றின் உருவத்தையும் மரபணுக்களையும் ஒப்பிட்டு, செம்முதுகைத் தனியினமாகக் கொள்வதே பொருந்தும் என்று காட்டினர். 2024 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பானது. வடக்கிலுள்ள பொன்முதுகுகள் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினாலும் மரபணுவால் இரண்டு கூட்டத்தினவாம். தெற்கத்திய பறவையின் மரபணுக்கள் வடக்கத்திய பறவையினுள்ளே புகுந்திருக்கின்றன. ஆயினும் வறண்ட வடக்கிலே முதுகு பொன்னிறமாகவும், ஈரமான தெற்கிலே செந்நிறமாகவுமே நிலைத்திருக்கிறது. இவை யாவற்றுக்கும் முன்னோர், பிளைஸ்டோசீன் எனப்படும் பனியூழியின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து இங்கு வந்தவர் என்று அவ்வாய்வாளர் கருதுகின்றனர்.

வந்த வழி எது? கடற்கரையிலே நின்று வடமேற்கே நோக்கினால் நீரல்லவா தெரிகிறது? இக்கேள்விக்கு விடை காணப் பறவையை விட்டுப் பாறைக்கும் பனிக்கும் போகவேண்டும்.

இலங்கையின் நிலப்பரப்பிற் பத்திலே ஒன்பது பங்குக்குக் குறையாதது மிகப் பழைய பளிங்குருப் பாறையாலானது. வவுனியாவிலே குளக்கட்டின் அருகே தலைநீட்டும் கருங்கற் பாறைகள் அவ்வினத்தன. தென்னிந்தியாவிலும் அதே பாறை காணப்படுகிறது. ஏனெனில் இரண்டும் கொண்டுவானா என்னும் பெருங்கண்டத்தின் துண்டுகள். ஆனால் புத்தளத்திலிருந்து மன்னார், யாழ்ப்பாணம் வழியாக முல்லைத்தீவு வரையுள்ள கரையோரத்தின் கதை வேறு. அங்கே நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணக்கல். மயோசீன் காலத்திலே, அதாவது 2 கோடி ஆண்டுகள் என்ற அளவிலே முற்பட்ட காலத்தில், ஆழமற்ற கடலின் அடியிற் படிந்தது அது. யாழ்ப்பாணத்தார் கிணறு தோண்டும்போது அக்கடலின் சிப்பிகளைக் காண்பதுண்டு.

ஆகவே வன்னி இரண்டு நிலங்கள் பொருந்தும் இடம். வடக்கிலும் கரையோரத்திலும் தாழ்ந்த, தட்டையான சுண்ணக்கல் நிலம். பனையும் முட்பற்றையும் வளர்வது. உள்ளே பழம்பாறையின் மேற் படிந்த செம்மண். பாலையும் முதிரையும் வீரையும் கருங்காலியும் ஓங்கி நிற்பது. நிலம் மாறினால் மரம் மாறும். மரம் மாறினாற் பறவையும் மாறும். கறுப்புக் கரிக்குருவியும் கௌதாரியும் மன்னார், யாழ்ப்பாணம் முதலிய வறண்ட கரைப்பகுதிகளிலே மிகுதி. உட்காட்டிலே கரிக்குருவியின் இடத்தை வயிறு வெளுத்த கரிக்குருவி பிடித்துக்கொள்கிறது. இலங்கைக்கே உரிய காட்டுக்கோழி கூவுகிறது. இருவாட்சி பறக்கும்போது சிறகொலி கேட்கிறது. ஆனையிறவிலிருந்து தெற்கே பேருந்திற் செல்பவர் ஒரு மணி நேரத்திற்குள் பறவையுலகின் எல்லையொன்றைக் கடந்துவிடுகிறார். அதனை உணர்பவர் சிலரே.

இனிப் பனியின் கதை. கடந்த பல இலட்சம் ஆண்டுகளில் பூமி பல தடவை குளிர்ந்தும் வெதும்பியும் வந்திருக்கிறது. குளிர்ந்த காலங்களிற் கடல்நீரில் ஒரு பகுதி வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மலைமலையாகப் பனிக்கட்டியாய் உறைந்து நின்றது. அதனாற் கடல்மட்டம் தாழ்ந்தது. கடைசியாகக் குளிர் உச்சமடைந்த காலம் ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அக்காலத்திற் கடல் இன்றுள்ளதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையின் ஆழமோ பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீற்றர்தான். ஆதலால் அன்று நீரிணை என ஒன்று இருக்கவில்லை. கோடிக்கரையிலிருந்து பருத்தித்துறைக்குக் கால் நனையாமல் நடந்து வந்திருக்கலாம். தலைமன்னாரும் இராமேசுவரமும் ஒரே சமவெளியின் இரு மேடுகள். பனி உருகி நீர் உயர, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்னர் அந்நிலம் கடைசியாக மூழ்கிற்று. இலங்கை மறுபடியும் தீவாயிற்று.

மாணாக்கர் இங்கே ஒரு கேள்வி கேட்கவேண்டும். இவ்வளவு அகன்ற நிலம் திறந்திருந்ததாயின், இருபுறத்து உயிர்களும் தாராளமாகக் கலந்து ஒன்றாகியிருக்க வேண்டுமல்லவா? அப்படியாயின் சிங்கராஜ வனத்திலும் மலைநாட்டிலும் உலகில் வேறெங்கும் இல்லாத இத்தனை பறவைகள் எவ்வாறு வந்தன? இலங்கைக்கே உரிய பறவையினங்கள் முப்பதுக்கு மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை தென்மேற்கின் ஈர வலயத்தையும் மலைகளையும் விட்டு வெளியே வருவதில்லை.

விடை இதுதான்: பாலம் திறந்த காலம் வறண்ட காலம். கடலைத் தாழ்த்திய அதே குளிர், பருவக் காற்றையும் மெலிவித்தது. நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்து இந்திய விஞ்ஞானிகள் 1993 இல் வெளியிட்ட முடிவும், நம் ஹோட்டன் சமவெளியின் சதுப்பிலே புதைந்த மகரந்தத்தை ஆராய்ந்து 2003 இல் வெளியான முடிவும், குளிர் உச்சமடைந்த காலத்திலே மலைகளும் வறட்சியுற்றிருந்தன என்றே காட்டுகின்றன. மலையிலேயே அப்படியாயின், தாழ்ந்த மன்னார்ச் சமவெளியைச் சொல்ல வேண்டுமா? அங்கே புல்லும் முட்பற்றையும் இருந்திருக்கலாம். அடர்ந்த மழைக்காடு இருந்திருக்க இயலாது. வறட்சிக்குப் பழகிய பறவைகளுக்கு அது பாலம். மழைக்காட்டின் நிழலை விட்டு வெளியே வராத பறவைகளுக்கு அது கடலைப் போன்றதே. மழை திரும்பிக் காடு பரவத் தொடங்கிய வேளையிலே கடலும் திரும்பிவிட்டது. கதவு திறந்தபோது காடு இல்லை. காடு வந்தபோது கதவு இல்லை.

இது வெறும் ஊகமன்று. 2004 ஆம் ஆண்டிலே தவளை, பாம்பு, நன்னீர் மீன், நண்டு முதலியவற்றின் மரபணுக்களை ஆராய்ந்த குழுவொன்று, கடந்த 5 இலட்சம் ஆண்டுகளுள் நிலப்பாலம் பலமுறை தோன்றியும் இலங்கையின் ஈரவலயத்து உயிர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயிர்களினின்றும் பெரிதும் பிரிந்தே நிற்கின்றன என்று கண்டது. வன்னியின் பறவைகள் தமிழ்நாட்டின் சமவெளிப் பறவைகளைப் பெரிதும் ஒத்திருப்பதும், சிங்கராஜவின் பறவைகள் ஒவ்வாதிருப்பதும் இதனாலேதான்.

இக்கேள்வி புதியதுமன்று. 1914 இல், இலங்கைச் சிவில் சேவையைச் சேர்ந்த டபிள்யூ. ஈ. வெயிற் என்பவர், இலங்கைப் பறவைகளின் பரம்பலுக்கும் தீவின் அண்மைக்காலப் புவிச்சரித மாற்றங்களுக்கும் உள்ள தொடர்பு பற்றிக் கொழும்பு நூதனசாலையின் சஞ்சிகையிலே கட்டுரை எழுதினார். மரபணு என்பது இன்னதென்று அறியப்படாத காலத்திலேயே பறவையைப் பார்த்துப் பாறையை நினைத்தவர் அவர்.

“பறவைக்குச் சிறகு உண்டே! முப்பது கிலோமீற்றர்க் கடல் அதற்கு ஒரு பொருட்டா?” என்று என் மருமகள் கேட்டாள். நல்ல கேள்வி. ஆறுமணிக் குருவி ஆண்டுதோறும் வாடைக் காற்றோடு இந்தியாவிலிருந்து வந்து எங்கள் வளவிலே மாலையிற் கூவுகிறது. கோடை வருமுன் திரும்பிவிடுகிறது. அதற்குக் கடல் தடையன்று. ஆனால் எல்லாப் பறவையும் ஆறுமணிக் குருவியன்று. காட்டின் உள்ளே கிளைக்குக் கிளை தாவி வாழும் பறவைக்கு, வெட்டவெளியைக் கடக்கும் பழக்கமும் இல்லை, துணிவும் இல்லை.

இதனைச் சோதித்துப் பார்த்தவர்களும் உளர். மத்திய அமெரிக்காவிலே பனாமாக் கால்வாய்க்காக ஆற்றை மறித்தபோது காற்றூன் என்னும் பெரிய ஏரி உண்டாயிற்று. அவ்வேரியிலே விஞ்ஞானிகள் காட்டுப் பறவைகளைப் படகிற் கொண்டு சென்று, கரையிலிருந்து வெவ்வேறு தொலைவிற் பறக்க விட்டனர். சில இனங்கள் எளிதாகக் கரை சேர்ந்தன. வேறு சிலவோ, நல்ல சிறகிருந்தும், சில நூறு மீற்றரைக் கூடக் கடக்க மாட்டாமல் நீரில் வீழ்ந்தன. அந்த ஆய்வு 2008 இல் வெளிவந்தது. சில நூறு மீற்றரே இப்படியாயின், முப்பது கிலோமீற்றர் எத்தகையது என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

பனாமாவைச் சொன்னமையாற் தென் அமெரிக்காவையும் சிறிது பார்ப்போம். உலகிலே பறவையினங்கள் மிக நிறைந்த கண்டம் அதுவே. அங்கே அமேசன் பெருங்காட்டிலே பயணஞ் செய்த ஆல்பிரட் இரசல் வலஸ், 1852 இல், ஆற்றின் ஒரு கரையில் வாழும் குரங்கினம் மறுகரையில் இல்லை என்று எழுதினார். பேராறுகளே வேலியாக நின்றன. பறவைகளிலும் அவ்வாறே பல எல்லைகள் பின்னர் அறியப்பட்டன. 1969 இல், யூர்கன் ஹாபர் என்னும் செருமானியப் புவிச்சரித அறிஞர் வேறொரு கருத்தை முன்வைத்தார். பனியூழியின் வறண்ட காலங்களில் அமேசன் காடு சுருங்கித் தனித்தனித் திட்டுக்களாகியது. ஒவ்வொரு திட்டிலும் அடைபட்ட பறவைகள் பிரிந்து வெவ்வேறு இனமாயின. மழை திரும்பிக் காடு மீண்டும் இணைந்தபோது அவை எல்லைகளிற் சந்தித்தன என்றார் அவர்.

அழகான கருத்துத்தான். ஆயினும் அறிவுலகம் அழகுக்காக எதனையும் ஏற்பதில்லை. அமேசன் காடு அந்த அளவுக்குத் துண்டுபட்டது என்பதற்கு மகரந்தச் சான்று போதவில்லை. பல பறவையினங்கள் கடைசிப் பனிக்காலங்களுக்கு மிக முன்னரே பிரிந்தவை என்று மரபணு காட்டிற்று. இன்று அந்தீஸ் மலைகள் எழுந்தமை, ஆறுகள் வழிமாறியமை, மழை ஏறியும் இறங்கியும் வந்தமை ஆகிய பலவற்றையும் சேர்த்தே அங்கே கணக்கிடுகின்றனர். வட, தென் அமெரிக்காக்களை இணைக்கும் பனாமாப் பூசந்தி ஏறத்தாழ 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் முழுமையடைந்தது என்பது பெரும்பான்மையோர் கொள்கை. அந்தப் பாலம் மூடவில்லை. இன்றும் அதன்மேற் காடு நிற்கிறது. நமது பாலமோ திறந்தும் மூடியும், திறந்தபோதெல்லாம் வறண்டும் இருந்தது. இரண்டு பாலங்களின் குணமும் இரண்டு நிலங்களின் பறவைகளிலே தெரிகிறது.

நம் அண்டையிலும் இத்தகைய வேலிகள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலே பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் அகலமான தாழ்நிலம். அதற்கு வடக்கே நீலகிரியிலும் தெற்கே ஆனைமலை, பழனி மலைகளிலும் உள்ள சோலைகளில் வாழும் ஒரு சிறு பறவைக் குலத்தை ஆராய்ந்தவர்கள், கணவாயின் இருபுறத்தனவும் வெவ்வேறினம் என்று கண்டனர். 2017 இல் அக்குலத்துக்குச் சூட்டிய விஞ்ஞானப் பெயர் ‘ஷோலிகோலா’. அதிலே நமது ‘சோலை’ என்ற சொல் இருப்பதைத் தமிழ் மாணாக்கர் கவனிக்க.

வன்னிக்குத் திரும்புவோம். பனியூழியின் ஏடு இங்கே மண்ணிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கிளிநொச்சி மாவட்டத்து இரணைமடுவிலே அடியிற் சரளைக்கல்லும் அதன்மேற் செம்மணலுமாகப் படிவங்கள் உண்டு. சரளை நீர் கொணர்ந்தது; மணல் காற்று வாரிக் குவித்தது. தொல்பொருளறிஞர் சிரான் தெரணியகல இவ்வகைப் படிவங்களை ஆராய்ந்து, அவற்றினுள்ளே ஆதிமனிதரின் கற்கருவிகளையும் கண்டார். தென்கரையிலே காணப்படும் இதே வகைப் படிவங்களுக்கும் ‘இரணைமடுப் படிவம்’ என்ற பெயரே வழங்குகிறது. அங்கே சில இடங்களில் அவற்றின் வயது ஏறத்தாழ 125,000 ஆண்டு என்று அளந்திருக்கின்றனர். இரணைமடுக் குளத்துக்குச் சுற்றுலா செல்லும் பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்துத் திரும்புகின்றனர். காலடியிலுள்ள செம்மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்க அவர்களுக்குச் சொல்வார் வேண்டும்.

பனி போனபின் மனிதனும் பறவையின் எல்லையை மாற்றத் தொடங்கினான். குளங்களைக் கட்டினான், நாரையும் கொக்கும் நீர்க்காகமும் உள்நாட்டுக்கு வந்தன. வயலைக் கைவிட்டான், காடு திரும்பிற்று. இன்று நாம் பழங்காடு என்று மதிப்பதிற் பலவிடம், உள்ளே சென்றால் உடைந்த குளக்கட்டும் செங்கல்லும் கிடக்கக் காணலாம். எங்கள் காலத்திலேயே போரினால் ஊர் வெறிச்சோடியதையும், 2009 க்குப் பின் மக்கள் மீண்டதையும் பார்த்திருக்கின்றோம். என் தாயார் திரும்பி வந்தபோது அடுக்களை இருந்த இடத்தில் விளாத்தி முளைத்து நின்றது. பெயர்தலும் மீளலும் இந்நிலத்துக்குப் புதியன அல்ல; பறவைக்கும் அப்படியே, மனிதருக்கும் அப்படியே.

மயிலைப் பாருங்கள். முன்னர் அது உலர் வலயத்துப் பறவை. இப்போது ஈர வலயத்துத் தென்னந்தோட்டங்களிலும் ஊர்களிலும் அகவித் திரிகிறது. காடு வெளியானமையும் காலநிலை மாறியமையும் காரணமாகலாம் என்று பேசப்படுகிறது. பறவையின் எல்லை அசைந்தால், நிலத்திலே ஏதோ அசைந்திருக்கிறது என்பது பொருள்.

இதனாலேதான் வன்னிக்காட்டை நினைக்கும்போது எனக்குக் கவலை உண்டாகிறது. மீண்டு வந்த மக்களுக்கு நிலம் வேண்டும், வீதி வேண்டும், வயல் வேண்டும். அதனை மறுப்பவன் அந்த மக்களோடு வாழாதவன். ஆனால் காட்டைத் துண்டு துண்டாக வெட்டுவது வேறு, ஒரு புறத்தே வெட்டி மறுபுறத்தே தொடர்ச்சியாக விடுவது வேறு. காற்றூன் ஏரியிலே வீழ்ந்த பறவைகளை மறக்கலாகாது. நீருக்குத் தயங்கும் பறவை வெட்டவெளிக்கும் தயங்கும். அந்த ஏரியிலே மலையுச்சியொன்று தீவாகியது. அதிலே காடு அழியாமலே இருந்தும், அங்கிருந்த காட்டுப் பறவைகள் பல காலப்போக்கில் இல்லாமற் போயின. தனித்த திட்டு நெடுநாள் உயிர் தாங்காது. 2015 இல் சுண்டிக்குளமும் மடு வீதிப் பகுதியும் தேசியப் பூங்காக்களாக்கப்பட்டமை நன்று. அவற்றுக்கு இடையே வேலியோரத்து மரங்களும் குளக்கட்டு மருதுகளும் தொடர்ந்து நிற்பது அதனினும் நன்று. அது அரசினரின் கையில் மட்டும் உள்ள வேலையன்று.

பனிக்காலம் 10,000 ஆண்டுகளில் நகர்த்திய எல்லையை ஒரு கோடரி ஒரு மாதத்தில் நகர்த்தவல்லது. பனிக்காலத்துக்குப் பறவைகள் ஈடுகொடுத்தன. அவற்றுக்கு நாள் இருந்தது.

இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்கு இவ்வளவு விரிவாக அன்று சொல்லவில்லை. மணலிலே குச்சியால் இரண்டு நிலத்தைக் கீறி, நடுவே நீரை ஊற்றியும் வடித்தும் காட்டினேன். “அப்படியானால் மஞ்சள் முந்தியதா, சிவப்பு முந்தியதா?” என்று பையன் கேட்டான். “இருவருக்கும் பாட்டன் ஒருவனே. கடல் வற்றியபோது வந்தான். தெற்கே போன பிள்ளைகள் சிவந்தார்கள்; வடக்கே நின்ற பிள்ளைகள் பொன்னாகவே இருந்தார்கள்; இப்போது அம்மம்மா வீட்டுத் தென்னையிலே மறுபடியும் சந்திக்கிறார்கள்” என்றேன். அவளுக்கு அவர் அம்மம்மா, அவனுக்கு அப்பம்மா. அதற்கும் ஒரு சண்டை நடந்து ஓய்ந்தது.

அன்று மாலை தென்னை தறிக்க ஆள் வந்தான். பிள்ளைகள் இருவரும் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டனர். தம்பிக்குக் கூரையின் கவலை, அதுவும் நியாயமானதே. ஒருவரும் பேசாதிருக்க, என் தாயார் வெளியே வந்து மரத்தை நிமிர்ந்து பார்த்தார். கையாற் கூரைக்கும் மரத்துக்கும் இடையே அளந்தார்.

“பொந்துக்கு மேலை ரெண்டு முழம் விட்டு மேற்பாதியைத் தறி, தம்பி. மிச்சம் விழுந்தாலும் கூரைக்கு எட்டாது” என்றார்.

அப்படியே தறித்தார்கள். மூன்று நாள் பறவை வரவில்லை. பிள்ளைகள் என்னோடு பேசவுமில்லை. நான்காம் நாட் காலை கிணற்றடியில் அந்த நெடுங்குரல் கேட்டது. இருவரும் வண்ணப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மஞ்சளையும் சிவப்பையும் எவ்வளவு கலந்தால் அந்த நிறம் வரும் என்பதிலே அடுத்த வழக்குத் தொடங்கியிருந்தது.